நாக்குக்கு அடியில்

என் மனைவிக்குக் காசநோய் என்று தெரிந்ததும் வழக்கமான மாத்திரையைக் கொடுத்தார்கள். அது கேட்குமா என்று பார்க்கச் சளியை மதுரைக்கு அனுப்பினார்கள். முப்பது நாளாகியும் இருமல் குறையவில்லை. அவள் மாத்திரையைத் துப்பிவிடுகிறாள் என்று நான் முடிவு கட்டினேன். அன்றுமுதல் அவள் விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன்.

"நாப்பத்தோரு வருசம் ஒங்களோட குடும்பம் நடத்திருக்கேன். இன்னுமா என்னய நம்பல?" என்று அழுதாள்.

"மொதல்ல நாக்கத் தூக்கு" என்றேன்.

இருபத்தாறு நாள் அப்படிப் பார்த்தேன். இருபத்தேழாம் நாள் இறந்துபோனாள். அவளுடைய கிருமி அந்த மாத்திரைக்குக் கட்டுப்படாது என்ற ரிப்போர்ட், காரியம் முடிந்த மறுநாள் வந்தது. ஒன்றைக்கூட அவள் துப்பியிருக்கவில்லை.

போன வாரம் எனக்கு இருமல். திருச்சுழி ஆஸ்பத்திரியில் சோதனை முயற்சியாக வந்திருக்கும் மலிவு விலைக் கருவியில் என் சளியைப் பார்த்தார்கள். நோய் இருக்கிறதா என்பதையும், இருந்தால் எந்த மருந்துக்கு அடங்காது என்பதையும் அதுவே சொல்லிவிடுமாம். ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது.

"ஒண்ணுமில்ல தாத்தா" என்றார் நர்ஸ்.

நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் லேட்டாயிருச்சு, கோவிச்சுக்கிராதீக" என்றார்.