இரண்டு நாள் வைத்த தண்ணீர்

காலை பதினொன்று இருபதுக்கு ரஞ்சித் போன் செய்தான். திண்டிவனம் பம்ப் ஹவுசில் என் கணவரோடு வேலை பார்ப்பவன். சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. "டீச்சர், அண்ணன் நெஞ்ச அடைக்குதுன்னு உக்காந்தாரு. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம். ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க" என்றான். அழுதுகொண்டே பேசியதால், அவன் சொல்லாமல் விட்டதும் எனக்குத் தெரிந்துபோனது.

அவர் பெயர் தேவநாதன். வயது ஐம்பத்து மூன்று. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு போடும் குடும்பத்தில் பிறந்து, ஐ.டி.ஐ. படித்துவிட்டு, இருபத்தாறு வருடம் இந்த ஊருக்குத் தண்ணீர் விட்டவர். விடிவதற்கு முன்னால் போய் பிளீச்சிங் பவுடர் கரைத்து மேல்நிலைத் தொட்டியில் விடுவார். பிறகு தெருத்தெருவாக வால்வு திறப்பார். ஒரு நாள் தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு எங்கள் வாசலுக்கே வந்துவிடுவார்கள். "மோட்டாரு காயில் போச்சும்மா, நான் என்னா வாயால ஊதியா ஏத்த முடியும்?" என்பார், சோற்றுக் கையோடு எழுந்து நின்று. அதற்குமேல் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசிய ஆள் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் கடைவாய்ப் பல்லுக்காக விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் நாலைந்து முறை போய்வந்தார். பல் வலியோடு போனவர் சிரித்துக்கொண்டு திரும்பினார்.

"பரிமளா, அந்த டாக்டரு தண்ணிக்குள்ள தோட்டமே போட்டு வெச்சிக்கிறான். புல்லு, பெரணி, மரவேரு எல்லாம். மீனு என்னமோ சாயங்காலம் காத்து வாங்கப் போற மாதிரி அதுக்கு நடுவுல போய்க்கினு இருக்குது."

"பல்லு என்னாச்சு?"

"பல்லு கெடக்குது. உனக்குத்தான் செடி பேரெல்லாம் தெரியுமே, பி.எஸ்சி. பாட்டனி. நாமளும் ஒண்ணு வெப்போம்."

மூன்றடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி வந்தது. ஏரி வண்டலைக் காயவைத்து, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்தார். அந்தச் சல்லடை அதோடு சமையலறைக்குத் திரும்பவில்லை. வண்டல் கலங்காமலிருக்க அதன்மேல் ஒன்றரை அங்குலத்துக்கு ஆற்று மணல் வேண்டும் என்றார். பெண்ணையாற்று மணல்தான் வேண்டுமென்று, நான் அண்ணி என்று கூப்பிடும் தன் அக்கா தைலம்மாளுக்குச் சொல்லியனுப்பினார். அண்ணியும் ஒரு பையில் கட்டி பஸ்ஸில் எடுத்து வந்துவிட்டார்.

"கண்டக்டரு என்னா மூட்டன்னு கேட்டான். எந்தம்பி மீனுக்கு மெத்தை போடறான்னு சொன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்தான்" என்று மூச்சுவாங்கச் சொன்னார் அண்ணி.

மரவேரை மூன்று வாரம் ஊறவைத்தார். பிறகு செடிகள். பின்பக்கம் வேலம்பாசி, வேரின்மேல் நூல் சுற்றிக் கட்டிய பெரணி, முன்பக்கம் கட்டையாக வளரும் புல். எல்லாம் பிடித்ததும் ஆறு கப்பி மீன் வாங்கி விட்டோம். நான்காவது நாள் வேலை முடிந்து வந்தவர், ஒரு தண்டு மிதப்பதைப் பார்த்து, சட்டையைக்கூட மாற்றாமல் கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு நட்டார். இரவுச் சாப்பாட்டுக்குள் ஆறு மீனும் மல்லாந்துவிட்டன.

முதலில் காரணம் புரியவில்லை. அவர்தான் கண்டுபிடித்தார். மடித்துவிட்டிருந்த சட்டைக் கையைப் பிரித்து உதறியதும் வெள்ளையாகப் பொடி விழுந்தது. காலையில் கரைத்த பிளீச்சிங் பவுடர், மடிப்புக்குள் தங்கியிருந்திருக்கிறது. ஊரைக் காப்பாற்றுகிற பொடி அது. அவர் வெகுநேரம் கையை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"சோப்பு போட்டுக் கழுவினா போச்சு. இதுக்கு ஏன் இவ்ளோ?" என்றேன்.

"இருபத்து மூணு வருஷத்துது பரிமளா. கழுவினா போவாது."

அறிவியலாக அது சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் தொட்டிக்குள் கைவிடவே இல்லை. புதிதாக எல்லாம் வைத்து, ஆறு வாரம் மீனில்லாமல் காத்திருந்து, பிறகு பதினோரு சின்ன மீன்களை விட்டபோதும் கை என்னுடையதாகத்தான் இருந்தது. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று சொல்வார்.

"இன்னும் கொஞ்சம் பின்னால நடு. அங்க இல்ல. வேரு தெரியுது பாரு, மூடு."

"நான் படிச்சவளா, நீங்க படிச்சவரா?"

"நீ பேரு படிச்ச. நான் பாத்துக்கினு இருக்கேன்."

பின்கட்டில் இரண்டு நீல டிரம். அவரே ஏற்றிய தண்ணீர்தான் எங்கள் குழாயிலும் வரும். அதைப் பிடித்து, துணி கட்டி, இரண்டு நாள் வைத்தால் பவுடரில் இருக்கும் குளோரின் பறந்துவிடும். ஆபீசில் குளோரின் பார்க்கிற சொட்டு மருந்து ஒன்று வீட்டிலும் வைத்திருந்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து இரண்டு சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். "ஊருக்கு மஞ்சளாவாத தண்ணி குடுத்தா என் வேலை போயிடும். இதுங்களுக்கு மஞ்சளாவுற தண்ணி குடுத்தா இதுங்க உசுரு போயிடும். நடுவுல மாட்டிக்கினேன்" என்று சிரிப்பார். சனிக்கிழமைதோறும் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு டிரம் தண்ணீர் ஊற்றுவோம்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவரை எடுத்தார்கள். அண்ணி மகன் தீச்சட்டி பிடித்தான். ஊர்வலம் தெரு முனை தாண்டியதும் பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். சாவு விழுந்த வீட்டில் இருப்புத் தண்ணீர் வைக்கக்கூடாது. குடம், அண்டா, சாமி முன்னால் வைத்த சொம்பு, எல்லாவற்றையும் கொட்டினார்கள். பின்கட்டில் டிரம் உருளும் சத்தம் கேட்டது. நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். எழவில்லை.

அப்புறம் அண்ணியும் எதிர்வீட்டு லட்சுமியம்மாளும் வாளியோடு தொட்டியின் முன்னால் வந்து நின்றார்கள்.

"பரிமளா, இதையும் கொட்டணும்மா."

"அண்ணி, இதுல உசுரு இருக்குது."

"மீன ஒரு சட்டியில எடுத்து வுட்டுடு. எங்கப்பா போனப்ப மாட்டுத் தொட்டியவே கவுத்தோம்."

"டீச்சரு, சாமி சொம்பையே கொட்டியாச்சு. இது என்னா அதுக்கும் மேலயா?" என்றார் லட்சுமியம்மாள். கோபமாக இல்லை. எனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்ற பயத்தில்தான்.

முழுக்கக் கொட்டினால் அந்தத் தொட்டி பிழைக்காது. மணலிலும் வேரிலும் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் நுண்ணுயிர் எல்லாம் போய்விடும், மறுபடியும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், காத்திருந்தாலும் பக்கத்தில் நின்று சொல்ல ஆளில்லை. இதையெல்லாம் எப்படிச் சொல்வது? இருபத்தெட்டு வருடத்தில் நான் அண்ணியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அண்ணி, அவரு கை இந்தத் தண்ணியில பட்டதே இல்ல."

"என்னா சொல்ற?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. ஒரு விரலக்கூட வுட்டதில்ல."

"அவன் வெச்சதுதான இது? ஏன் தொடல?"

"தன் கையி பட்டா மீனு செத்துடும்னு."

அண்ணி வாளியைக் கீழே வைத்தார். தொட்டிக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாள் முழுக்க ஆட்களை ஏவிக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்தவர். அவர் சுமந்துவந்த மணல்தான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. எவ்வளவு நேரம் அழுதார் என்று தெரியாது. லட்சுமியம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எவ்ளோ கொட்டினா தாங்கும்?" என்று கடைசியில் அண்ணி கேட்டார்.

"பாதி."

"பாதி கொட்டு. மீதிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவரே ஒரு சொம்பை எடுத்து, மணல் கலங்காமல், மேலாக மொண்டு மொண்டு ஐந்து வாளி எடுத்தார். மீன்கள் எல்லாம் வேருக்கு அடியில் ஒதுங்கின. நீளமான வேலம்பாசி மடங்கித் தண்ணீர்மேல் படுத்துக்கொண்டது.

திரும்ப நிரப்ப டிரம்மில் தண்ணீர் இல்லை. சுடுகாட்டிலிருந்து வந்த ரஞ்சித் ஆறரைக்கு எங்கள் தெரு வால்வைத் திறந்துவிட்டு வாசலில் வந்து நின்றான்.

"நான் இன்னிக்கு ஒண்ணும் கலக்கல டீச்சர். காலையில அண்ணன் கலந்து ஏத்தினதுதான் வந்துக்கினு இருக்குது" என்றான்.

ஐந்து வாளி பிடித்தேன். துணி கட்டி, மாடிப்படிக்குக் கீழே வரிசையாக வைத்தேன். திங்கட்கிழமை மாலை, அவர் செய்வதுபோலவே சின்னக் குழாயில் எடுத்து இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். மஞ்சளாகவில்லை. அண்ணி மணலின்மேல் ஒரு தட்டைப் பிடித்துக்கொள்ள, தட்டில் விழுமாறு மெதுவாக ஊற்றினேன். வேலம்பாசி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றது. மீன்களை எண்ணினோம். பதினொன்றும் இருந்தன.

அன்று நான்கு வாளிதான் ஊற்றினேன். ஐந்தாவது வாளி, அவர் கடைசியாகக் கலந்து ஏற்றிய தண்ணீர், மாடிப்படிக்குக் கீழேயே இருக்கிறது. தொட்டி நிரம்ப இன்னும் இரண்டு விரற்கடை தண்ணீர் வேண்டும்.