துரை பங்களாவை அளந்த கதை

ஒரு பெண் குழந்தை தனியாக நான்கு தப்படி நடந்தால் நம் ஜனங்களுக்குப் பொறுக்குமா? யார் வீட்டுப் பெண், எங்கே போகிறாய், வீட்டுக்குத் தெரியுமா என்று வழியெல்லாம் விசாரணை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் கால்வாய்க் கரையில் அன்றைக்கு என்னை ஒருத்தர்கூடச் சும்மா விடவில்லை. அத்தைக்கு ஜுரம், பார்க்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் ஒரே பொய்யைச் சொன்னேன். எண்ணூரில் எனக்கு அத்தையே கிடையாது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பக்கத்திலுள்ள பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி எழுதி வரும்படி டீச்சர் சொல்லியிருந்தார். வகுப்பே கோயிலைப் பற்றித்தான் எழுதும் என்று தெரியும். யாரும் எழுதாத ஒன்று எனக்கு வேண்டும். உப்பளம் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் இடிந்து கிடக்கும் துரை பங்களாவைப் பற்றி அண்ணன் ஓயாமல் பீற்றிக்கொள்வான். கூட்டிக்கொண்டு போடா என்றால் சிரிப்பு. "நீயாவது, பங்களாவாவது! பாதி வழில அழுதுகினு திரும்பி வருவ." அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. நைனாவுக்கு நிலம் அளக்கும் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முடிவெட்டக் கிளம்பியதும், தோல் உறை போட்ட அவருடைய அளவு டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நீளம் அகலத்தோடு எழுதினால் டீச்சர் அசந்துபோக வேண்டாமா?

மணல் சுட்டது. செருப்பு வார் அறுந்தது. காலில் முள் ஏறி, நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். கூரை போன கட்டடம், வளைவு வளைவாக வாசல்கள், சுவரைப் பிளந்துகொண்டு ஒரு அரசமரம். ஆகா என்று வாயெடுப்பதற்குள் பார்த்தால், நடு வாசலில் கொடி கட்டிப் புடவை காயப்போட்டிருக்கிறது! உள்ளே அடுப்புப் புகை, கருவாட்டு வாசனை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பாழடைந்த மாளிகையைப் பார்க்க இத்தனை தூரம் செத்துச் சுண்ணாம்பாகி வந்தால், இங்கே யாரோ குடித்தனம் நடத்துகிறார்கள்.

சரி, தொலையட்டும் என்று அளக்க ஆரம்பித்தேன். உள்ளிருந்து ஓடிவந்த ஐந்தாறு வயதுப் பொடியன் ஒருவன், கேட்காமலே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு சுவர்தான் முடிந்திருக்கும். கைக்குழந்தையோடு அவன் அம்மா வந்து அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"யாரு வூட்டுப் பொண்ணு நீ? இன்னா எழுதிக்கினு கீற?"

எங்கள் நைனா அளக்கிற ஆபீஸ் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவ்வளவுதான், அவள் முகம் செத்துவிட்டது.

"போன தபாவும் டேப்போடதான் வந்தாங்கோ. அளந்த எட்டா நாளு குடிசைய பிச்சி எறிஞ்சாங்கோ. எழுதாத கண்ணு, உனக்குப் புண்ணியமா போவும்."

பள்ளிக்கூடத்துக்கு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், நம்பினால்தானே! நோட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல நாங்க கீறோமா?" என்று கேட்டாள்.

"நீங்க எதுக்கு இதுல? செவுருதான் கீது" என்றேன்.

உட்காரவைத்துக் கஞ்சியும் கருவாடும் கொடுத்தாள். என் பென்சிலை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு, கால்வாய்க் கரை வரை வந்து வழியனுப்பும்போதுதான் கொடுத்தாள். கஞ்சியைக் குடித்துவிட்டு வழி நெடுக அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

விடுவேனா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் டேப்பை நைசாக எடுத்துக்கொண்டு போனேன். கொடி இல்லை, புடவை இல்லை. அடுப்புக் கற்கள் மட்டும் கறுத்துக் கிடந்தன. ஒரு ஈ காக்கை கிடையாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போதுதான் பங்களா பங்களா மாதிரி இருக்கிறது என்று தோன்றியது. ஒரே தொல்லை, டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. ஒவ்வொரு சுவருக்கும் செங்கல்லைத் தூக்கி வைத்து, அது நழுவி, திரும்ப ஓடி, மூச்சு வாங்கிப்போயிற்று. அந்தப் பொடியன் எங்கே போய்த் தொலைந்தான் என்று வாய்விட்டே திட்டினேன். இன்று நினைத்தால் என் வாயிலேயே போடலாம் போலிருக்கிறது.

'இங்கு மனிதர் யாரும் வசிப்பதில்லை' என்று முடித்த என் கட்டுரையை டீச்சர் வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். சாயங்காலம் நோட்டோடு ஓடி, நைனாவிடம் நடந்ததையெல்லாம் கொட்டினேன். டேப்பைத் திருடியதற்கு அடி விழும், கூடவே ஒரு சபாஷும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இரண்டும் இல்லை. நோட்டை வாங்கி, கட்டுரையின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"அவங்க எந்தப் பக்கம் போனாங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை சுவரை ஒண்டியாக அளந்து வந்திருக்கிறேன், கேட்கிற கேள்வியைப் பார்!

"அது எனக்கு இன்னாத்துக்கு நைனா?" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போனேன்.