பிடி, விடு, கைதட்டு

1. முதல் ஆட்டம்

மொன்றியலில் றக்பி லீக் விளையாடிய முதல் யாழ்ப்பாணத்தான் நான்தான். வேறு ஆள் இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கோ. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஜான்-டலோன் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டு நின்ற என்னை டெரெக் என்ற இங்கிலாந்துக்காரன் கண்டான். ஒரு சின்னக் கிளப்பின் கோச் அவன். கிளப்பில் ஆள் பற்றாக்குறை. அவன் கேட்டது இங்கிலீஷில். நான் எங்கடை பாசையில் எழுதுறன்.

"உனக்கு ஓடத் தெரியுமோ?"

"ஓடுறவனைப் பிடிக்கத் தெரியும்."

பொய்யில்லை. கபடியில் என் கணுக்கால் பிடிக்குத் தப்பினவன் கிடையாது.

சனிக்கிழமை இறங்கினேன். அலுமாரி மாதிரி ஒருவன் பந்தோடு வந்தான். கணுக்காலில் போட்டேன் ஒரு பிடி. ஆள் நிலத்தில். எங்கள் பக்கம் கத்திக் கொண்டாடியது. நடுவர் விசில் ஊதினார். பெனால்டி, என் மேல்!

கபடியில் பிடித்தால், மற்றவனுக்கு மூச்சு அறுமட்டும் விடக்கூடாது. றக்பி லீக்கில் விழுத்தின உடனே விட வேண்டும். அதுதான் டாக்கிள். விழுந்தவன் எழும்பிப் பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டுவான், பின்னால் நிற்கும் அவன்ரை ஆள் எடுப்பான். ஆறு தரம் இப்படி மடக்கினால் பந்து எங்களுக்கு. விடாமல் அமுக்கினால் பெனால்டி. டெரெக் இதை முதலே சொல்லித்தான் விட்டவன். தலைக்கு விளங்கியது, கைக்கு விளங்கவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினேன். கடைசியில் நடுவர் என்னைப் பத்து நிமிடம் வெளியே இருத்திவிட்டார்.

டெரெக் பக்கத்தில் வந்து குந்தினான்.

"உன்ரை பிடி இந்த நகரத்திலை ஒருத்தனிட்டையும் இல்லை, ராசன். கையைத் திறக்கவும் பழகு."

2. பஜனை

மற்றவர்கள் கையைத் திறக்கப் பழகுவது எப்படியோ தெரியாது. நான் என் சொந்த மூளையால் ஒரு வழி கண்டேன். விழுத்தின உடனே ஒருதரம் கைதட்டுவது. தட்டுகிற கை எப்படிப் பிடிக்கும்? அதற்குப் பிறகு என் மேல் ஒரு பெனால்டியும் இல்லை.

முழங்கால் போகுமட்டும் விளையாடினேன். டெரெக் ஊருக்குத் திரும்பியபோது விசிலை என் கழுத்தில் போட்டுவிட்டுப் போனான். கோச்சாக நான் செய்த முதல் வேலை, முழு அணியையும் கைதட்ட வைத்தது. நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பூங்காவில் பயிற்சி நடக்க, என் மனுசி மலர் சாப்பாட்டோடு வந்து பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, விளையாட்டெண்டு சொல்லிப்போட்டு இஞ்சை பஜனையே நடத்திறியள்? தாளம் ரெண்டு கொண்டு வரட்டே?"

எதிரணிகளும் சிரித்தன. சிரிக்காமல் தட்டியவன் எங்கள் கப்டன் மார்க்-ஆந்த்ரே. பனிக்காலத்தில் தெருப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். விடிய விடிய வேலை செய்துவிட்டு நேரே பயிற்சிக்கு வருவான். முதல் டாக்கிளும் அவனுடையது, முதல் கைதட்டும் அவனுடையது. அப்படி ஒரு மனிதனை நான் காணவில்லை. அவனை உருவாக்கியது நான்தான், அது வேறு.

கிளப் தலைவர் ஷீலுக்கு மட்டும் என்னைப் பிடிக்கவில்லை. எனக்கு டிப்ளோமா இல்லை, பேசுவது சந்தைப் பிரெஞ்சு. இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் நேரே சொன்னார்:

"மிஸ்யூ ராசன், நாளைக்குத் தோத்தால் அடுத்த வருஷம் வேறை கோச். ஆத்துக்கு அங்காலை புரோசார்டிலை டிப்ளோமாவோடை ஒருத்தர் ரெடியா நிக்கிறார்."

"மெர்சி" என்று சந்தைப் பிரெஞ்சிலேயே நன்றி சொன்னேன்.

3. கடைசி நிமிடம்

ஒரு புள்ளி முன்னால் நிற்கிறோம். பந்து அவர்களிடம், எங்கள் கோட்டுக்குக் கிட்ட. நாலு டாக்கிள் முடிந்தது. இந்த இடத்தில் பெனால்டி கொடுத்தால் பந்தைக் கம்பத்துக்கு மேலால் அடித்து ரெண்டு புள்ளி எடுப்பார்கள். ஆட்டமும் போகும், என் விசிலும் போகும்.

அவர்களின் பெரிய ஆள் தலையைக் குனித்துக்கொண்டு வந்தான். மார்க்-ஆந்த்ரே கணுக்காலில் போட்டான், என் பிடி! ஆள் விழுந்தான். நேரத்தைக் கடத்த அமுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கரை முழுக்கக் கத்தல். ஷீலும் கத்தினார்: "விடாதை! விடாதை!"



மார்க்-ஆந்த்ரே விட்டான். முழங்காலில் நின்றபடி கைதட்டினான்.

பெரியவன் நல்லாய் அமுக்குவார்கள் என்று எண்ணியிருந்தான். அவன்ரை ஆட்களும் அப்படித்தான் எண்ணி அவசரமில்லாமல் ஆறுதலாய் வந்துகொண்டிருந்தார்கள். பெரியவன் துள்ளி எழும்பிப் பந்தைப் பின்னுக்கு உருட்டினான். பின்னால் ஒரு குருவியும் இல்லை! தட்டின கையோடு மார்க்-ஆந்த்ரே பாய்ந்து பந்தின் மேல் விழுந்தான். ஆட்டம் முடிந்தது.

இதை வாசிக்கிற பிள்ளையள், எந்த வேலைக்குப் போனாலும் இதை நினைவில் வையுங்கோ. பிடிக்கிற பலத்தை எனக்குக் கபடியும் சந்தை மூட்டையும் தந்தன. விடுகிறதைத்தான் நான் பழக வேண்டியிருந்தது. எனக்குக் கோப்பை தந்ததும் அதுதான்.

ஷீல் மைதானத்துக்குள் வந்தார். என்னைப் பார்த்து ஒருதரம் கைதட்டினார். பிறகு கையை நீட்டினார்.

"அடுத்த வருஷமும் நீங்கள்தான்."

அந்தக் கையைப் பிடித்தேன். "ராசன், விடுங்கோ, நோகுது" என்று அவர் சொல்லுமட்டும் விடவில்லை. விசில் என்ரை கழுத்திலை, ஆர் எனக்குப் பெனால்டி தாறது?