கோப்புப் படத்து ஜிப்பக்கா

யாராவது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் ஜிப்பக்கா அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதில்லை, பையைத்தான் பார்ப்பார். "ஓரத்துல ஜிப்பு பல்லு விட்டுப்போச்சு, இன்னும் ரெண்டு நாள்தான் தாங்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொள்வார். மடியில் யாருடையதோ தோள்பை, வலது கையில் குறடு, இடது கையில் மெழுகுவத்தித் துண்டு. இதெல்லாம் நடப்பது கடைத்தெருவில் அல்ல. எங்கள் பத்திரிகை அலுவலகத்து வரவேற்பறையில், விளம்பரம் கொடுக்க வருகிறவர்களுக்காகப் போட்டிருக்கும் சோபாவில். பதிமூன்று நாளாக.

அவருக்கு வீடு கிடையாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் நிழற்குடைதான் பகலில் கடை, இரவில் படுக்கை. பதினோரு வருடம் அப்படித்தான் ஓடியது. ஜிப்பு போன பையை, உள்ளே இருப்பதைக்கூட எடுக்காமல், அவரிடம் போட்டுவிட்டு ஜனங்கள் வேலைக்குப் போவார்கள், சாயங்காலம் வாங்கிக்கொள்வார்கள். சாப்பாட்டு டப்பா, சம்பளக் கவர், ஒரு தடவை கல்யாண நகை, எல்லாம் வைத்தது வைத்தபடி திரும்பியிருக்கின்றன. "நான் பைய தொறக்கிறவ இல்ல தம்பி, மூடுறவ" என்பார்.

அந்தப் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டது நாங்கள். பேருந்து நிலையச் சுரங்கப்பாதையில் வரிசையாகச் செல்போன் திருட்டு. செய்தி தயார், படம் இல்லை. பக்கம் முடிக்க இருபது நிமிடம். போன வருடம் போர்வை வழங்கியபோது எடுத்த படம் ஒன்று கணினியில் கிடந்தது: ஜிப்பக்கா நிழற்குடையில் தூங்குகிறார், சுற்றிலும் ஆறேழு பைகள். அன்றைக்கு அதன் கீழே 'குளிரில் வாடும் உயிர்' என்று உருகியிருந்தோம். இந்தத் தடவை, 'திருடர்களின் கூடாரமாகும் பொது இடங்கள்'. ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில், கோப்புப் படம் என்றும் போட்டோம். போட்டவன் நான். படத்தில் ஒரு ஆள் இருப்பதே மறந்துபோகிற குருட்டுத்தனம் எங்கள் தொழிலுக்கே உரியது.

மறுநாளே வாசகர் கடிதங்கள் குவிந்தன. நிழற்குடையைக் காலி செய், வேலி போடு, காவல் போடு. ஜிப்பக்காவிடம் பைகள் வருவது நின்றது. வந்த ஒன்றிரண்டு பேரும் வேலை முடிகிறவரை அவர் தலைக்கு மேலேயே நின்றார்கள்.

நான்காம் நாள் குறடோடு இங்கே வந்து உட்கார்ந்தார். "பொது எடத்துல நான் இருந்தா திருடர் கூடாரம்னு எழுதுனீங்கல்ல? அதான் உங்க எடத்துக்கே வந்துட்டேன். இங்க இருந்தா என்னன்னு எழுதுவீங்க?"

காவலாளி வெளியே போகச் சொன்னார். "போறேன். மொதல்ல உன் சாப்பாட்டுப் பைய குடு, கைப்பிடி தொங்குது பாரு." குனிந்து பார்த்தவர் அசடு வழியக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் வரவேற்பறை வியாபாரம். இப்போது அச்சுக்கூடத்து ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு ஆசிரியர் ஏழாம் பக்கத்தில் இரண்டு வரி வருத்தம் தெரிவித்தார். ஜிப்பக்கா பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"அசிங்கப்படுத்துனது மொதப் பக்கம். வருத்தப்படுறது குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கீழயா? அதே எடத்துல, அதே சைஸ்ல போடுங்க சார். தூங்குறப்ப எடுத்தது வேண்டாம். இப்ப முழிச்சுக்கிட்டுதான இருக்கேன், எடுங்க."

"முதல் பக்கத்துல விளம்பரத்துக்கே இடம் பத்தலம்மா."

"அன்னைக்கு எப்படிப் பத்துச்சு?"

ஆசிரியர் அதற்கப்புறம் பின்பக்கப் படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறார். இந்த அலுவலகத்தில் இருபது வருடமாக அவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. கூடவே வெட்கமும் பிடுங்கித் தின்றது.

நேற்று என் பையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஜிப்பு பாதியில் நின்றுவிட்டது என்றேன். பிறகு, அந்தப் படத்தை எடுத்துப் போட்டது நான்தான் என்றும் சொன்னேன். அவர் குறடைக் கீழே வைத்தார்.

"இதச் சொல்லவா இத்தன நாளு?"

"பயமா இருந்துச்சுக்கா."

"என்னப் பாத்தா?" என்று சிரித்தார். கோபம் போகவில்லை, ஆனாலும் கையை நீட்டினார். "குடு. நம்பி வெச்சிட்டுப் போ, சாயங்காலம் வாங்கிக்க."

பையை நீட்டினேன். நீட்டும்போதே, பழக்கதோஷம், உள்ளே கையை விட்டுப் பர்ஸை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். போட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

ஜிப்பக்கா என் சட்டைப் பையைப் பார்த்தார். மடிக்கு வந்த பையை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம் கை நீட்டினார்.