அண்ணன் அளக்காத கம்பி

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் எலக்ட்ரீஷியன் என் அண்ணன். கரண்ட் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பிகளிலும் அது சமமாக ஓடினால், திரும்பிப் போகும் நாலாவது கம்பியான நியூட்ரலில் ஒன்றும் மிஞ்சாது என்பது அவர் இருபது வருடக் கணக்கு. அதனால் நியூட்ரலை அவர் அளந்ததே இல்லை.

அன்று காலை நான் கீழ்த்தளத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, மின்பலகை அறையிலிருந்து கருகல் வாடை வந்தது. கடவுளே என்று ஓடிப்போய் அண்ணனை அழைத்து வந்தேன். மூன்று கம்பிகளையும் அளந்தார். சமம்தான்.

"உனக்கு நாய் மூக்கு, தங்கச்சி."

"நாயாவே இருக்கட்டும். அந்த நாலாவதையும் பாருங்கண்ணா. மேல அறுபது பேர் இருக்காங்க."

மீட்டரை மாட்டியதும் அவர் முகம் வெளிறியது. மற்றவற்றில் நாற்பது ஆம்பியர், நியூட்ரலில் அறுபது!

"இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் கரண்டை விட்டு விட்டு இழுக்குது. அதனால வர்ற அலை மூணு கம்பியிலயும் ஒரே நேரத்துல எழும்புது. ஒண்ணையொண்ணு கழிக்காம இந்த நியூட்ரல்ல வந்து கூடிடுது. தாங்காம கம்பி சூடேறிக் கருகுது. கட்டடத்தைப் பாக்க வந்த இன்ஜினியர் அப்பவே சொன்னார், நான்தான் காதுல வாங்கல."

நான் மாடிக்கு ஓடி எல்லோரையும் கீழே இறக்கினேன். அவர் மெயினை அணைத்தார். நான் திரும்பி வந்ததும், அந்த அறையின் இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளா உங்களையெல்லாம் இந்த நெருப்பு மேல உக்கார வச்சிருந்தேன்?"