முதுகுப் பக்கத்துப் பொத்தான்கள்

முப்பத்தோர் ஆண்டுகள் நான் குழந்தைகளின் உடுப்புக்குத் துணி வெட்டினேன். ஓசூரில், வெளிநாடுகளுக்குக் குழந்தை ஆடை அனுப்பிய ஒரு தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர் வேலை. மேற்சட்டையும் கால்சட்டையும் ஒன்றாக இணைந்து, தொடைகளுக்கு நடுவே பிரஸ் பட்டன் வைத்த உடுப்பை ராம்பர் என்போம். மூன்று மாதம், ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று அளவு அட்டைகள் சுவரில் தொங்கும். இருபத்து நான்கு மாதத்துக்கு மேல் அந்தச் சுவரில் அளவு கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு, அறுபத்தெட்டு வயதுடைய ஓர் உடம்புக்கு அதே உடுப்பை வரைய நேர்ந்தது. அது என் மனைவியின் உடம்பு.

நினைவு அவளை விட்டு விலகத் தொடங்கி நான்கு ஆண்டுகளாயின. பெயர்கள் போயின, சமையல் போயிற்று, பேச்சும் பெரும்பாலும் போயிற்று. அவற்றைத் தாங்கினோம். பிறகு, கட்டியிருப்பதை அவிழ்த்துவிட்டு நிற்கத் தொடங்கினாள். புடவையை விட்டு நைட்டிக்கு மாற்றினோம். அதை ஒரே இழுப்பில் தலைவழியே கழற்றினாள். ஒருநாள் காலை, முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் எங்கள் வீட்டெதிரில் நிற்கும் வேளையில், அந்தக் கோலத்தில் தெருவாசலுக்குப் போய்விட்டாள். அந்தப் பேருந்திலிருந்தவர்களுள் பாதிப் பேர் எங்கள் மகனோடு வேலை செய்பவர்கள்.

அன்று மாலை அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அப்பா, இன்னொரு வாட்டி இப்புடி ஆச்சின்னா, பெங்களூருல முதியோர் ஹோம் ஒண்ணு விசாரிச்சி வெச்சிருக்கேன், அங்கதான். அம்மா மானத்துக்குத்தான் சொல்றேன். என் மானத்துக்குன்னு நெனச்சிக்காதீங்க."

"அங்க அவ யாரத் தெரிஞ்சிக்குவா?"

"இங்க மட்டும் யாரத் தெரியுது?"

அவள் இந்த வீட்டில் இருப்பதா இல்லையா என்பதை இனி ஓர் உடுப்புதான் முடிவு செய்யும் என்பது மட்டும் விளங்கியது.

கழற்ற முடியாத உடுப்பு என்றால் என் கைக்குத் தெரிந்தது ஒன்றே. துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். உறுத்தாத பருத்தி பனியன் துணி, சிறு கிளிகள் அச்சிட்டது.

"பேரப்புள்ளைக்கா சாமி? எத்தன மாசம்?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க. ஒம்போது."

"ஒம்போது மாசத்துக்கு அஞ்சு மீட்டரா?"

"ரெட்டக் கொழந்தைங்க" என்றேன். நாள்தோறும் காலையும் அந்தியும் சாமி முன் பாடும் வாயால் இரண்டு பொய்கள் சொன்னேன். வழியெல்லாம் அது என்னை அரித்தது.

முதல் உடுப்பு தோற்றது. தோல்விக்குக் காரணம் என் பழக்கம். ஒன்பது மாத அளவை அப்படியே பெருக்கி வரைந்துவிட்டேன். குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. அதற்கேற்பக் கழுத்தும் அகலம். பெருக்கியபோது கழுத்து சுரங்கவாய்போல் விரிந்தது. உடுப்பின் கைகளோ அவள் முழங்கையோடு நின்றன. அவள் தோளைக் குறுக்கி, கழுத்து வழியாகவே எளிதாக வெளியே வந்துவிட்டாள். வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பின் கண்ட சிரிப்பு அது, மகிழ இயலவில்லை.

இரண்டாவது உடுப்புக்கு நாடாவை எடுத்து அவளையே அளந்தேன். நாற்பத்தாறு ஆண்டு இல்லறத்தில் அதுவே முதல் முறை. அவள் ரவிக்கைகள் எல்லாம் கிருஷ்ணகிரியில் ஒரு பெண்மணி தைத்தவை. ஊரார் குழந்தைகளின் மார்பளவை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு என் மனைவியின் தோளகலம் தெரியாது. கழுத்தைச் சுருக்கினேன். பொத்தான்களை முன்புறத்திலிருந்தும் தொடை நடுவிலிருந்தும் எடுத்து, பிடரிக்கும் இடுப்புக்கும் இடையே நடுமுதுகில் வைத்தேன். அவள் கையை மெல்லப் பின்னால் மடக்கி, மேலிருந்தும் கீழிருந்தும் விரல் எதுவரை எட்டுகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டேன். விரல் எட்டிய இடத்தில் ஒரு பொத்தானும் வரவில்லை.

உடுத்திவிட, வீட்டின் முன்பகுதியில் குடியிருக்கும், பேரிகை ஊரைச் சேர்ந்த கன்னடப் பெண் வந்தாள். கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டு, சற்று விலகி நின்று பார்த்தாள்.

"அய்யோ தேவரே! மாஸ்டர், குந்தாரப்பள்ளி சந்தையில கன்னுக்குட்டிக்குக்கூட வாய்க்கு மட்டும்தான் கூடை கட்டுவாங்க. நீங்க அம்மாவுக்கு ஒடம்பு முழுக்கக் கட்டிட்டீங்களே!"

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கண்கள் கலங்கியிருந்தன.

இறைவனைப் பிள்ளையாக்கிப் பாடுவது நம் மரபு. கை கொட்டு என்றும், தளர்நடையிட்டு வா என்றும், நிலவே இவனோடு ஆட வா என்றும் தாயாகி அழைக்கும் பாடல்களில் நான் உருகாத நாளில்லை. அண்டம் அளந்தவனைத் தொட்டிலில் இடுவது அன்பின் உரிமை என்று பிறருக்கு விரித்துரைத்திருக்கிறேன். கிளி அச்சிட்ட உடுப்பில் நின்ற அவளைக் கண்டபோது அந்த விளக்கம் எனக்கே உதவவில்லை. பிள்ளையாக்கப்பட்ட இறைவன் எந்நேரமும் பெரியவனாக எழுந்து நிற்க வல்லவன். இவள் அப்படி அல்லளே.

மறுநாள் காலை வழக்கம்போல் நீராடி, பூசை மாடத்தின்முன் அமர்ந்து பாடத் தொடங்கினேன். பின்னால் ஓர் ஓசை. நகத்தால் துணியைப் பிறாண்டும் ஓசை. திரும்பினேன். அவள் கட்டிலருகே நின்று, தோள்பட்டையையும் இடுப்பையும் மாறி மாறிப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். பாட்டை நிறுத்தினேன். சிறிது நேரத்தில் கைகள் ஓய்ந்தன. அடுத்த அடியை எடுத்தேன். கைகள் மீண்டும் எழுந்தன. மூன்றாம் முறை அவளே பேசினாள்.

"மாத்துத் துணி எங்க?"

மணமான புதிதில் ஒரு விடியலில், படுத்தெழுந்த புடவையோடு அவள் விளக்கேற்றப் போனாள். "கசங்குன துணியோட சாமி மாடத்தத் தொடுவியா?" என்று என் பெற்றோர் முன்னிலையிலேயே கடிந்தேன். அதன்பின் ஒருநாளும் அவள் தவறியதில்லை. என் குரல் எழும், அவள் உடை மாற்றுவாள், விளக்கு எரியும். எல்லாம் மறந்தவளுக்கு அது மறக்கவில்லை. அவள் துணியை அவிழ்த்த வேளைகளை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் காலையும் அந்தியும். தெருவாசலுக்குப் போன அன்றும் நான் கண்மூடிப் பாடிக்கொண்டிருந்தேன்.

மகனிடம் சொன்னேன்.

"அவ்ளோதானாப்பா? பாட்ட நிறுத்திடுங்க. முடிஞ்சிது."

நிறுத்தினேன். உதடசையாமல் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் துணியைத் தொடவில்லை. ஹோம் பேச்சு வீட்டில் அடங்கியது. ஆனால் இரண்டாம் வாரத்தில் அவள் படுக்கையைவிட்டு எழுவதையே நிறுத்திவிட்டாள். எழுப்பி உட்காரவைத்தால் சுவரைப் பார்த்திருந்தாள். காலை வந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல வேறு எதுவும் இருக்கவில்லை போலும்.

அவளுடைய பழைய நூல்புடவை ஒன்றை வெட்டி, ராம்பரின்மேல் சுற்றி இடுப்பில் முடிச்சிடும்படி இரண்டு மேலுடைகள் தைத்தேன். இப்போது கதவையும் சன்னலையும் தாழிட்ட பின்பே பாடுகிறேன். முதல் பாட்டிலேயே எழுந்துவிடுகிறாள். இடுப்பு முடிச்சைத் தானே அவிழ்க்கிறாள். துவைத்த மற்றொன்றை நான் சுற்றிவிடுகிறேன். அவள் கையைப் பிடித்து விளக்கேற்றுகிறேன். அவள் இந்த வீட்டிலேயே இருக்கிறாள். மகனுக்கு நிம்மதி.

எனக்கு அது வாய்க்கவில்லை. மேலுடை கழன்று விழுந்த பின்னும் அவள் கைகள் நிற்பதில்லை. உள்ளே இருப்பதும் இரவெல்லாம் படுத்தெழுந்த துணிதான் என்பதை அவள் அறிவாள். அதைக் கழற்றிவிட்டால் மீண்டும் தெருவாசல்தானோ என்ற அச்சத்தில் அந்தப் பொத்தான்களை நான் தொடுவதில்லை. ஒரு கை பிடரிக்குப் பின்னும், மறு கை இடுப்புக்குப் பின்னுமாகச் சென்று துழாவும். நான் பாடிக்கொண்டே பார்க்கிறேன். சுண்ணக்கட்டியால் நான் கோடு போட்ட அதே இடத்தில் விரல்கள் வந்து நிற்கின்றன.