பழனாத்தா அக்கா காத்த சுனை

பழனாத்தா அக்கா போய்விட்டார் என்று குண்டடத்திலிருந்து ஒருவர் அலைபேசியில் சொன்னபோது நான் நம்பவில்லை. அக்காவின் எண்ணுக்கே அழைத்தேன். மகன் எடுத்தார். "ஆமாங்க, காலையிலதான். நெஞ்சுவலிங்க." எதையும் இன்னொரு முறை விசாரிக்கும் இந்தப் பழக்கம் அவரோடு பழகிய எங்கள் எல்லாருக்கும் ஒட்டியதுதான்.

வாரம் முழுக்கத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணியின் குறை பார்க்கும் செக்கிங் பிரிவு அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்குத் தெற்கே மலைமேல் உள்ள தேசியப் பூங்காவில் எங்களோடு தன்னார்வக் காவலர். சாமி கும்பிட வந்ததாகச் சொன்ன குடும்பத்தின் பூக்கூடையைக்கூட ஒருமுறை கொட்டிப் பார்த்தார். அடியில் மது பாட்டில்கள் இருந்தன. "துணியில ஓட்டையே இல்லைன்னா இன்னொருக்கா பார்க்கோணுமுங்க" என்பார்.

போன கோடையில் ஒரு பெண்யானை குட்டி ஈன்றிருந்தது. அது நீர் குடிக்க வரும் சுனையைக் கண்டுபிடித்தவர் அக்காதான்; இடத்தை யாருக்கும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் எங்களோடு புதிதாக ஒருவர் சேர்ந்தார். சிரித்த முகம், எல்லாருக்கும் சாப்பாடு கொண்டுவருவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. "ரொம்ப நல்லவரா இருக்கறாருங்க" என்று சொன்ன அக்கா, அந்தச் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

சுனை எங்கே என்று அந்தப் புதியவர் கேட்டார். அக்கா மூங்கில் சரிவு என்றார். என்னிடம் தனியாக, பாறைக்குழி என்றார். அடுத்த ஞாயிறு மூங்கில் சரிவில் ஜீப் தடம். யானையை இழுக்கப் பலாச்சுளைகளை இறைத்துவிட்டிருந்தார்கள். அடிவாரத்து விடுதி ஒன்றின் விருந்தாளிகளை யானை காட்ட அந்தப் புதியவர்தான் கூட்டிவந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. அத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

அன்றே பாறைக்குழிக்குப் போனோம். காய்ந்து கிடந்தது.

"இங்க தண்ணியே இல்லீங்களே, அக்கா."

"இல்லீங் கண்ணு. உங்களையுந்தான் சந்தேகப்பட்டேன்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. விறுவிறுவென முன்னால் இறங்கினேன். வண்டியருகே வந்தபிறகு அக்கா, "குட்டிக்கு வாய் இல்லீங்க. அதுக்காவ மனுசரு கொஞ்சம் நொந்தாப் பரவாயில்லைங்க" என்றார்.

அடுத்த வாரம், நான் கேட்காமலே, உண்மையான சுனைக்கு அழைத்துப்போனார். தாயின் வயிற்றடியில் நின்று குட்டி தும்பிக்கையால் நீரைத் தட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அன்றைக்குத்தான் என் கோபம் தீர்ந்தது.

துக்க வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்காவுக்கு உறவு என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, அந்தச் சுனை எந்தப் பக்கம் என்று கேட்டார். அவர் அழுகை மெய்யாகவும் இருக்கலாம். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சுனையும் இந்தச் சந்தேகமும்தான். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.